அஞ்சலில் வந்த நிரல்கள்

1985இல் அமெரிக்காவில் ஜாக் டொங்காரா, எரிக் கிராஸ் என்ற இருவர் ஒரு சிறிய ஏற்பாடு செய்தார்கள். ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்திலும் பெல் ஆய்வுக்கூடத்திலும் இருந்த இரண்டு கணினிகளுக்கு யார் வேண்டுமானாலும் மின்னஞ்சல் எழுதலாம். அந்த அஞ்சலை மனிதர் யாரும் படிக்கமாட்டார்கள், ஒரு நிரல் படிக்கும். 'சென்ட் இன்டெக்ஸ்' என்று எழுதினால் பட்டியல் வரும். பட்டியலில் இருந்து ஒரு பெயரைச் சொல்லி மறுபடி எழுதினால், அந்தக் கணித நிரல் முழுவதும் பதில் கடிதமாக வந்து சேரும். இதற்கு நெட்லிப் என்று பெயர். நீ யார், எந்த நாடு, எதற்காகக் கேட்கிறாய் என்ற விசாரணை எதுவும் கிடையாது. தூதரக வாசலில் கோப்பைக் கட்டிப்பிடித்தபடி வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தின் அருமை தனியாக விளங்கும்.

நெட்லிப் கணித வல்லுநர்களுக்கானது. ஆனால் அதே வழியில் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஓடியது வேறொரு சரக்கு: அட்டாரி, கொமடோர், சின்க்ளேர், ஆப்பிள், சிபி/எம் கணினிகள் என்று வீட்டு மேசைகளில் இருந்த சிறு கணினிகளுக்கான நிரல்கள். தயாரித்த நிறுவனங்கள் அந்தக் கணினிகளைக் கைவிட்ட பிறகும் அவற்றின் மென்பொருள் இன்று நம் கைக்குக் கிடைக்கிறது என்றால், அதற்கு இந்த அஞ்சல்வழிக் காப்பகங்களும் ஒரு காரணம். கணினி வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் நேரடி இணைப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிய வரலாறு என்பதால் அப்படி இருக்கலாம். அவர்களுக்கு இந்த வழி தேவைப்படவில்லை.

இன்று இணையம் என்ற ஒரே சொல்லில் அடங்குவது அன்று பல தனித்தனி வலைகளாக இருந்தது. அமெரிக்க ராணுவப் பணத்தில் வளர்ந்தது அர்ப்பாநெட். 1981இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரு வாடகைக் கம்பியில் தொடங்கியது பிட்நெட். ஐரோப்பாவில் அதன் உடன்பிறப்புக்கு இயர்ன் என்று பெயர். யூனிக்ஸ் கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துப் பொதிகளைக் கைமாற்றிக்கொண்ட யூயூசிபி வலை வேறு. வீட்டுக் கணினிக்காரர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஃபிடோநெட் வேறு. ஒரு வலையில் இருப்பவர் இன்னொன்றுக்குள் நுழைந்து கோப்பை எடுத்துவர முடியாது. எஃப்டிபி என்ற நேரடி வழி இணைய நெறிமுறை பேசும் கணினிகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. ஆனால் எல்லா வலைகளின் எல்லையையும் தாண்டிப் போய்வந்த பண்டம் ஒன்று இருந்தது. அது கடிதம்.

ஆகவே கோப்பைக் கடிதமாக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்.

அன்றைய அஞ்சல் வழிகள் ஆங்கில எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டவை. ஓர் எழுத்துக்கு ஏழு பிட். எட்டாவது பிட்டை நம்ப முடியாது, வழியில் எந்தக் கணினியும் அதைத் துடைத்துவிடலாம். நிரல் கோப்புக்கோ எட்டும் வேண்டும், ஒன்று போனாலும் ஓடாது. 1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹோர்ட்டன் எழுதிய யூயூஎன்கோட் என்ற சின்ன நிரல் இதற்கு வழி சொன்னது. மூன்று பைட்டை, அதாவது இருபத்துநான்கு பிட்டை, ஆறு ஆறாக நான்காகப் பிரி. ஒவ்வொன்றுடனும் 32ஐக் கூட்டு. கிடைப்பது விசைப்பலகையில் தட்டக்கூடிய எழுத்தாகவோ குறியாகவோ இருக்கும். இப்படி 45 பைட்டை ஒரு வரியில் 60 எழுத்துகளாக வைத்து, வரியின் முதல் எழுத்தாக அதன் நீளத்தையும் எழுது. நாற்பத்தைந்துடன் முப்பத்திரண்டைக் கூட்டினால் எழுபத்தேழு. அது ஆங்கிலப் பெரிய எழுத்து 'எம்'. அதனால்தான் அந்தக் கால அஞ்சல் கோப்புகளைத் திறந்தால் வரிக்கு வரி எம் என்று தொடங்கிப் பக்கம் பக்கமாகக் கிறுக்கல் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அட்டாரி 8-பிட் கணினியின் பழைய ஃப்ளாப்பித் தட்டு ஒன்றில் 720 பகுதிகள், பகுதிக்கு 128 பைட். மொத்தம் 92,160 பைட். அதை நாற்பத்தைந்தால் வகுத்தால் மீதியில்லாமல் 2048 வரிகள். வரிமுடிவுக் குறியையும் சேர்த்து எண்ணினால் 1,26,976 பைட். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே வீக்கம். அப்போதைய அஞ்சல் வாசல்கள் பல, ஒரு கடிதம் அறுபத்துச் சொச்சம் ஆயிரம் பைட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்பும் அல்லது பேசாமல் விழுங்கிவிடும். எனவே ஒரு தட்டு என்பது இரண்டு கடிதங்கள். வீட்டில் 1200 வேக மோடம் வைத்திருந்தவருக்கு அதை இறக்க ஏறத்தாழ பதினெட்டு நிமிடங்கள். கோப்பை முதலில் சுருக்கி, பிறகு எழுத்தாக்கி, பிறகு வெட்டி அனுப்பினார்கள். பெறுகிறவர் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியையும் கையால் நீக்கி, வரிசையாக ஒட்டி, எழுத்திலிருந்து மீட்டு, விரிக்க வேண்டும். நடுவே ஒரு துண்டு தொலைந்தால் மற்ற எல்லாமும் வீண்.

பிட்நெட் வழியாகப் போனால் இன்னொரு தொல்லை. அதில் இருந்தவை பெரும்பாலும் ஐபிஎம் பெருங்கணினிகள்; அவற்றின் எழுத்துக் குறியீடு எப்சிடிக். ஆஸ்கியிலிருந்து எப்சிடிக்குக்குப் போய்த் திரும்பி வருகையில் சதுர அடைப்புக்குறியும் மேல்நோக்கிய கூரைக்குறியும் வேறு எதுவாகவோ மாறிவிடும். வரிக்கடைசியில் இருக்கும் வெற்றிடத்தைச் சில கணினிகள் வெட்டி எறிந்துவிடும். யூயூஎன்கோட் இந்தக் குறிகளையெல்லாம் பயன்படுத்தியது. எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் இரண்டே குறிகளையும் மட்டும் வைத்து எக்ஸ்எக்ஸ்என்கோட் என்று ஒன்று வந்தது இதனால்தான். இன்று நாம் படத்தை இணைத்து அனுப்பும்போது பின்னால் வேலைசெய்யும் பேஸ்64 முறையும், 1992இல் வெளியான மைம் தரத்தில் வந்தது, இதே பட்டறிவின் பிள்ளை. பேத்தியின் படத்தை ஊருக்கு அனுப்பும் தாத்தாவின் அஞ்சலில் பெருங்கணினிக் காலத்து அச்சம் ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக் கணினிகளோ வெறும் எழுத்துக் கோப்பில்கூடத் தங்கள் சொந்த வழக்கத்தை விடவில்லை. அட்டாரிக்கு அட்டாஸ்கி, கொமடோருக்கு பெட்ஸ்கி. அட்டாஸ்கியில் வரி முடிந்தது என்பதற்கான எண் 155. எட்டாவது பிட்டைத் துடைத்தால் அது 27 ஆகிவிடும். ஆஸ்கியில் அது எஸ்கேப். ஆக, ஓர் அட்டாரிக்காரர் தன் நிரலுக்கு எழுதிய அரைப்பக்க விளக்கக் குறிப்பைக்கூட அப்படியே அஞ்சலில் போட முடியாது. மறுமுனையில் வரிகளே இல்லாத ஒரே நீளக் கயிறாக வந்து விழும்.

இதைப் படிக்கும்போது நம்மில் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தமிழுக்கும் இதே கதிதான். தொண்ணூறுகளில் உருவான திஸ்கி குறியீட்டில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட பாதியில் குடியிருந்தன. 'அ' 171ஆம் இடம். எட்டாவது பிட் போனால் 43, வெறும் கூட்டல் குறி. அதற்கும் முன்னால் புலம்பெயர்ந்தவர்கள் அஞ்சலில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதற்கு எழுத்துரு இல்லாதது மட்டும் காரணமில்லை. குழாயின் விட்டமே அவ்வளவுதான். அமெரிக்க ஆங்கிலம் மட்டும் சிந்தாமல் போகும்படி கட்டிய குழாயில் அட்டாரியும் தமிழும் ஒரே மாதிரி அடிபட்டன. எனக்கு முதல் தமிழ் எழுத்துரு 1997இல் வந்தது எம் என்று தொடங்கும் வரிகளாகத்தான்.

காப்பகங்களுக்கு வருவோம். இவற்றில் பெரியது சிம்டெல்20. நியூமெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் இருந்த டெக்சிஸ்டம்-20 கணினி அது. ஆம், ஏவுகணைத் தளம். அந்த ராணுவக் கணினியின் ஓர் ஓரத்தில்தான் ஆஸ்போர்ன், கேப்ரோ போன்ற சிபி/எம் கணினிகளுக்கும் பிற்பாடு டாஸுக்கும் உரிய பொது நிரல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இணையத்தில் இருந்தவர்கள் நேரே போய் எடுத்துக்கொண்டார்கள். பிட்நெட்டில் இருந்தவர்கள் லிஸ்ட்சர்வ் வழங்கிகளுக்குக் கட்டளை எழுதி அஞ்சலில் வாங்கினார்கள். ஐரோப்பாவில் எல்லாரும் இப்படிக் கேட்கத் தொடங்கியதும், ஒரே கோப்பு அட்லாண்டிக் கடலடிக் கம்பியில் திரும்பத் திரும்பப் பயணம் செய்தது. அதைத் தடுத்தது டிரிக்கிள் என்ற நிரல். முதன்முறை யாராவது கேட்கும்போது கோப்பை வரவழைத்து, அருகிலேயே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அதிலிருந்து கொடுக்கும். இன்று பெரிய நிறுவனங்கள் உலகெங்கும் கிடங்குகள் வைத்துச் செய்யும் அதே யோசனை. அது எழுதப்பட்டது கலிபோர்னியாவில் இல்லை. துருக்கியின் இஸ்மீர் நகரில், ஏகே பல்கலைக்கழகத்தில். கம்பியின் கடைசியில் இருப்பவருக்குத்தான் கம்பியின் விலை தெரியும்.

அட்டாரிக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு காப்பகம் இருந்தது. அங்கும் அஞ்சலைப் படித்துக் கோப்பை அனுப்பும் நிரல் ஒன்று காத்திருந்தது. அட்டாரி நிறுவனம் 1979இல் தொடங்கிய 8-பிட் வரிசைக்கான ஆதரவை 1992 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு கடை, பழுதுபார்ப்பவர், நூலகம் எல்லாமே பயனர்கள்தான். அந்த நேரத்தில் இந்தக் கணினி எங்கே உயிரோடு இருந்தது என்று பார்த்தால் விடை போலந்து. டாலர் வைத்திருந்தால் மட்டும் நுழையக்கூடிய பெவெக்ஸ் கடைகளில் அட்டாரி விற்றார்கள். எண்பதுகளின் பின்பாதியில் அங்கே பிள்ளைகளின் கனவுப் பொருள் அதுதான். போலந்து இயர்ன் வலையில் சேர்ந்தது 1990இல். அமெரிக்காவில் பரணில் போட்டுவிட்ட கணினிக்கு வார்சாவில் புதிய நிரல்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பல்கலைக்கழகக் காப்பகங்கள் எடுத்துக்கொண்டது பொதுவுக்கு விடப்பட்ட நிரல்களையும், பிடித்திருந்தால் பணம் அனுப்பு என்ற வகையையும்தான். கடையில் விற்ற விளையாட்டுகளுக்கு அங்கே இடமில்லை. அவற்றைக் காப்பாற்றியவர்கள் நேர்மையாகச் சொன்னால் திருட்டுப் பிரதி எடுத்தவர்கள். காப்பகங்கள் காத்தது வேறு வகை: ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்கு எழுதிய பின்னக் கணக்கு நிரல், யாரோ தன் அச்சுப்பொறிக்காக எழுதிய எழுத்து வடிவங்கள், வானொலி ஆர்வலரின் மோர்ஸ் பயிற்சி. சந்தை ஒருபோதும் விலை போடாத பொருள்கள். எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன. விளையாட்டைப் பார்த்தால் ஒரு நிறுவனம் என்ன விற்றது என்று தெரியும். பின்னக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பெட்டியை வாங்கிப்போன மனிதர்கள் மாலையில் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று தெரியும்.

நம் பக்கம் என்ன இருந்தது? இந்தியாவில் எர்நெட் 1986இல் எட்டு நிறுவனங்களோடு தொடங்கியது. சென்னை ஐஐடி அவற்றில் ஒன்று. 1989 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து வர்ஜீனியாவில் இருந்த யூயூநெட்டுக்கு நேரடிக் கம்பி போட்டார்கள். வேகம் 9600 பிட். மேலே கணக்குப் போட்ட அந்த ஒற்றை அட்டாரித் தட்டு இந்தக் கம்பியில் வந்தால் எர்நெட்டின் வெளிநாட்டு வாசல் ஏறத்தாழ இரண்டு நிமிடம் அடைபட்டிருக்கும். இலங்கையில் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு லேர்ன்மெயில் என்ற அஞ்சல் வலை தொடங்கியது. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. கம்பியின் கடைசி என்று இஸ்மீரைச் சொன்னேன். அதற்கும் அப்பால், கம்பியே இல்லாமல் இருந்த ஊர்களில் இருந்து வந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் பாதிப்பேர்.

1984-85இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. நான் படித்த பள்ளியிலும் ஒன்று, கணினிச் சாரின் சாவிக்கொத்துக்குள் பத்திரமாக இருந்தது. வாரம் ஒருமுறை தொடலாம். 1996இல் கோவையில் கல்லூரிக்குப் போனபோது அங்கே அஞ்சல் மட்டும் உண்டு. நாளைக்கு இரண்டு முறை மோடம் அழைத்து மூட்டையைக் கொடுத்து மூட்டையை வாங்கிவரும். டெக் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பால் விக்ஸி எழுதிய எஃப்டிபிமெயில் என்ற நிரல் இப்படிப்பட்டவர்களுக்கானது. எந்தக் காப்பகத்துக்குப் போக வேண்டும், எந்த அடைவு, எந்தக் கோப்பு என்று வரிவரியாகக் கடிதத்தில் எழுதினால், அந்தக் கணினி உங்களுக்குப் பதிலாகப் போய் எடுத்து, வெட்டி, அனுப்பும். அதே நிரலை வேறு இடங்களிலும் நிறுவியிருந்தார்கள். அப்படி ஒன்றுக்கு எழுதி, பிபிசி மைக்ரோவைப் போல நடிக்கும் எமுலேட்டர் ஒன்றை நான் கேட்டேன். ஏழு துண்டுகள். ஆறு துண்டுகள் இரண்டே நாளில் வந்துவிட்டன. நான்காவது ஒன்பது நாள் கழித்து வந்தது. அந்த ஒன்பது நாளில் மற்ற ஆறையும் நான்கு ஃப்ளாப்பிகளில் மாற்றி மாற்றி வைத்திருந்தேன், யாராவது ஆய்வகக் கணினியைத் துடைத்துவிடுவார்களோ என்று.

அந்தப் பிரதி எடுக்கும் பழக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. கேட்டு, காத்திருந்து, ஒட்டிச் சேர்த்த கோப்பை எவரும் அலட்சியமாக அழிப்பதில்லை. நண்பனுக்கு ஒன்று, வேறு ஊர்க் கல்லூரிக்கு ஒன்று என்று பெருகும். டிரிக்கிள் வழங்கிகளிலும் நடந்தது இதுதான்: ஒருவர் கேட்டதால் ஒரு நாட்டில் ஒரு பிரதி உண்டானது. 1993இல் ஒயிட் சாண்ட்ஸ் கணினியை நிறுத்தியபோது பெரிய இழப்பு ஏற்படாததற்குக் காரணம் இது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம், மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முழுப் படிகள் இருந்தன. வால்நட் கிரீக் என்ற நிறுவனம் குறுந்தகடாகவே விற்றது. மாறாக, யாரும் கேட்காத கோப்புக்கு மூலத்தில் இருந்த ஒன்றுதான் எல்லாம். பட்டியலில் பெயர் இருக்கும், பொருள் இருக்காது. பழைய பட்டியல்களைப் புரட்டும்போது இத்தகைய பெயர்களைக் கண்டிருக்கிறேன். கைவிடப்பட்ட ஊரின் பேருந்துப் பலகை போல.

தமிழில் நூல்கள் ஓரளவு தப்பித்தன. 1998 பொங்கலன்று லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் அஞ்சல் வழியே பேசிக்கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். குறியீடு மாறியபோது யாரோ உட்கார்ந்து அவற்றை யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஆனால் அந்தத் தமிழைத் தட்டச்சு செய்த கருவிகள்? கனடாவில் சீனிவாசன் எழுதிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு என்று எண்பதுகளிலிருந்தே வந்தவற்றின் பெயர்களாவது நமக்குத் தெரியும். பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கணினிக்கென்று, தங்கள் பிள்ளைக்கென்று, சங்கத்தின் பொங்கல் மலருக்கென்று எழுதியவை ஆய்வுக்கூடக் காப்பகங்களுக்குப் போகவில்லை. ஓஸ்லோவிலும் ஸ்கார்பரோவிலும் பாரிஸிலும் கையெழுத்தும் அச்சுமாக வந்த சிற்றிதழ்களைத் தேடி அட்டவணைப்படுத்துகிறோம், நல்ல காரியம். ஆனால் அவற்றை அச்சிட்ட ஃப்ளாப்பிகளை வீடு மாறும்போது குப்பைத் தொட்டியில் போடுகிறோம்.

சோனி நிறுவனம் ஃப்ளாப்பி விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது. ஆனால் படிப்பதற்கு வழி இருக்கிறது. கிரீஸ்வீசில் என்று ஒரு சிறிய மின்பலகை. அதைப் பழைய ஃப்ளாப்பி இயக்கியோடும் இன்றைய மடிக்கணினியோடும் இணைத்தால், தட்டில் உள்ள காந்தத் தடத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளும். எந்தக் கணினியின் தட்டு என்பதைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். தட்டின் பரப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் இயக்கியில் செருகாதீர்கள், தட்டும் கெடும் இயக்கியும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய அஞ்சல் கோப்புகளுக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம். அப்பாவின் பழைய கணினியிலோ, ஏதோ ஒரு குறுந்தகட்டிலோ, தொண்ணூறுகளின் கடிதங்கள் இருந்தால் திறந்து பாருங்கள். எம் என்ற எழுத்தில் தொடங்கி அறுபத்தோரு எழுத்தில் முடியும் வரிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது கெட்டுப்போன கடிதம் என்று அழித்துவிடாதீர்கள். மேலே போய் 'பிகின்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் கோப்பின் பெயர் இருக்கும்.